கல்மழை அடித்த தக்காளியை உழுது விடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ராயக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி நட்டு, குச்சி ஊன்றிக் கம்பி கட்டியிருந்தோம். நட்டு எழுபது நாள் ஆகிறது. ஒரே ஒரு பறிப்புதான் எடுத்தோம். மாசியில் இங்கே மழையையே யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கல்மழை அடித்தது. இருபது நிமிஷம்தான். செடியில் இலையே இல்லை. சொந்த நிலத்தில் இருக்கிற மாமரங்களில் பிஞ்சு பாதி கொட்டிவிட்டது. வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆறு இடத்தில் உடைந்துவிட்டது. தக்காளிக்கு ஒன்றரை லட்சம் செலவு, அதில் பாதி கடன். டிராக்டரைக் கூப்பிட்டு உழுதுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை, வரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார். உழுதுவிடலாமா? பட்டா எங்கள் பெயரில் இல்லை, நிவாரணம் கிடைக்குமா? இனிமேல் மாசியிலும் இப்படித்தான் வருமா? என் மகள்தான் டைப் செய்து படங்களோடு அனுப்புகிறாள்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மகள் அனுப்பியதை வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். அந்த நேரத்திலேயே உங்களை ஃபோனில் கூப்பிட்டு எழுப்பியதற்குக் காரணம் இருந்தது. செவ்வாய் மாலை நாலு மணிக்கு அடித்த மழைக்கு வெள்ளி மாலை நாலு மணியோடு 72 மணி நேரம் முடிகிறது. பயிர்க் காப்பீட்டில் அந்தக் கெடுவுக்குள் சொன்னால்தான் கணக்கு. நாம் ஃபோனில் பேசியதையும், அவசரத்தில் பேச முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இது பயன்படட்டும்.

முதலில் உழவு. உழ வேண்டாம். குறைந்தது பத்து நாளைக்கு டிராக்டர் அந்த வயலில் இறங்கக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நான் ஒரு முறை தப்பாகச் சொன்னதுதான். தோட்டக்கலைத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேன்கனிக்கோட்டை பக்கம் இதேபோலக் கல்மழை அடித்த தக்காளி வயல் ஒன்றைப் பார்க்கப் போனேன். செடி முழுக்க மொட்டைக் குச்சியாக நின்றது. "இனி ஒன்றும் தேறாது, உழுதுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வயலுக்காரப் பெரியவர் மறுநாளே உழுதார். பக்கத்து வயல்காரரிடம் உழவுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, அதனால் சும்மா விட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து அதே வழியாகப் போனபோது சும்மா விட்ட வயலில் பக்கக் கிளைகள் வந்து பூத்திருந்தது. உழுத வயலில் களைதான் இருந்தது. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்றுவரை எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தக்காளிச் செடியின் உயிர் இலையில் மட்டும் இல்லை. ஒவ்வோர் இலைக் காம்பும் தண்டில் சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். நுனியும் இலையும் போனால் அது முழித்துக்கொள்ளும். அது முழிக்கிறதா இல்லையா என்பது ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தெரிந்துவிடும். அதுவரை கண்ணுக்குத் தெரிகிற சேதத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கல்மழைக்கு மறுநாள் வயலைப் பார்த்தால் எல்லாமே செத்த மாதிரிதான் இருக்கும்.

பத்தாம் நாள் காலையில் நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்தே போங்கள். வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஐந்து இடத்தில் நில்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இருபது செடி, மொத்தம் நூறு. ஒவ்வொரு செடியிலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டின் தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமுமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இல்லை. கல் பட்ட பக்கம் தண்டு நார் நாராகக் கிழிந்து, சுற்றளவில் பாதிக்கு மேல் போயிருந்தால் அந்தச் செடி நின்றாலும் காய் தாங்காது, அதையும் செத்த கணக்கில் வையுங்கள். நூற்றுக்கு அறுபதுக்கு மேல் தேறினால் பயிரை வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்குக் கீழே என்றால் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி, உழுதுவிடலாம். நடுவில் நின்றால் கையில் இருக்கிற பணத்தையும் தண்ணீரையும் பார்த்து முடிவெடுங்கள். இது புத்தகத்தில் இருக்கிற அளவு இல்லை, வயல் வயலாகப் பார்த்து நான் வைத்துக்கொண்ட கணக்கு.

நீங்கள் அனுப்பிய பதினோரு படங்களில் நாலாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேற்குப் பக்கத்து வரிசைதான் அதிகம் அடிவாங்கியிருக்கிறது. உள் வரிசைகளில் தண்டு முழுசாக இருக்கிறது, கீழ்க்கொத்தில் பச்சைக் காய்களும் தொங்குகின்றன. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

இந்தப் பத்து நாளும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. வயலில் நின்ற தண்ணீரை வடித்துவிட்டீர்கள் என்றீர்கள், நல்லது. செடி ஈரமாக இருக்கும்போது உள்ளே நடக்காதீர்கள், ஒரு செடியின் நோய் உங்கள் கையோடும் சேலையோடும் அடுத்த செடிக்குப் போகும். கல் பட்ட ஒவ்வொரு காயமும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் திறந்து வைத்த கதவு. செடி காய்ந்ததும் காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம் வீதம், தண்டு நனைகிற மாதிரி அடியுங்கள். பத்து லிட்டர் டேங்க்குக்கு 25 கிராம். காலையிலோ சாயங்காலமோ அடியுங்கள், மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். கடைக்காரர் நாலைந்து டப்பாவை எடுத்து வைத்து எல்லாவற்றையும் கலந்து அடிக்கச் சொல்வார். வேண்டாம். காயம் பட்ட செடிக்கு அது தாங்காது, உங்கள் கடனும் ஏறும்.

வெடித்த காய், சதை தெரிகிற காய் எல்லாவற்றையும் பறித்துக் குழி தோண்டிப் புதையுங்கள். வரப்போரம் கொட்டினால் அங்கிருந்தே அழுகல் பரவும். தோலில் மட்டும் தழும்பு விழுந்த முற்றிய காயைப் பறிக்க வேண்டாம். தழும்பு காய்ந்து தக்கை மாதிரி ஆகிவிடும், இரண்டாம் ரகமாகப் போகும். ஆனால் ஒன்று: இலை இல்லாத செடியில் காய் நேரடி வெயிலில் நின்றால் ஒரு பக்கம் வெளுத்துக் கொப்பளித்துவிடும். பழைய சேலையோ நிழல்வலைத் துண்டோ இருந்தால் வெயில் விழுகிற பக்கத்துக் கம்பியில் தொங்கவிடுங்கள். ஏக்கர் முழுக்க முடியாது, காய் அதிகம் நிற்கிற வரிசைக்கு மட்டும் செய்யுங்கள், போதும்.

உரம் இப்போது போடாதீர்கள். மண் மேல்பக்கம் இறுகியிருக்கும். காய்ந்ததும் களைக்கொத்தால் லேசாகக் கிளறி வேருக்குக் காற்றுப் போக வழிசெய்யுங்கள். புதுத் துளிர் தெரிந்த பிறகு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கிற 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளித்தால் போதும். பாவம் செடி அடிபட்டுவிட்டதே என்று யூரியாவை அள்ளிப் போட்டால் இளந்தண்டு கொழுகொழுவென்று வந்து நோய்க்கு இரையாகும்.

தேறினால் என்ன கிடைக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது தொங்குகிற பச்சைக் காயில் ஒரு பங்கு இரண்டு மூன்று வாரத்தில் வரும். புதுக் கிளையில் பூ வைத்துக் காய் பழுக்க வைகாசி ஆகிவிடும். சித்திரை வெயிலில் பூ உதிரும், வெள்ளை ஈ வரும், இலைச்சுருட்டு வரும். அதனால் நீங்கள் நினைத்திருந்த மகசூல் வராது. ஆனால் குச்சி, கம்பி, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் நிற்கிறது. நாற்றுச் செலவும் நடவுக் கூலியும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் உழுதுவிட்டால் ராயக்கோட்டை மண்டிக்கு வரத்து குறையும், அப்போது தழும்பு விழுந்த காய்க்கும் விலை இருக்கும். செலவில் எவ்வளவு திரும்ப எடுக்கலாம் என்பதுதான் இப்போது கேள்வி. லாபத்தை அடுத்த போகத்தில் பார்ப்போம்.

மாமரத்துக்கு அவசரமே இல்லை. பிய்ந்து தொங்குகிற கிளையை மட்டும் வாளால் சுத்தமாக அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் என்பது அதற்கான அளவு. இரும்புப் பாத்திரத்தில் கலக்காதீர்கள். கொட்டிய பிஞ்சில் அடிபடாததை அன்றே ஊறுகாய்க்காரரிடம் கொடுத்துவிட்டோம் என்று உங்கள் மகள் சொன்னாள். கெட்டிக்காரப் பெண்.

அடுத்து காப்பீடு. நெல்லுக்கு ஒரு கிராமமோ, சில கிராமங்கள் சேர்ந்த ஒரு குறுவட்டமோ மொத்தமாக எவ்வளவு விளைந்தது என்று பார்த்துத்தான் இழப்பீடு தருவார்கள். கல்மழைக்கு அப்படி இல்லை. அது ஒரு கோடு போட்ட மாதிரி அடித்துக்கொண்டு போகும். உங்கள் வயல் மொட்டையாக நிற்கும்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்கூட விழுந்திருக்காது. அதனால்தான் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழையை உள்ளூர்ப் பேரிடராக வைத்து, தனித்தனி வயலாகப் பார்க்க விதி செய்திருக்கிறார்கள். ஆனால் தனி வயல் என்பதால் நீங்களே சொல்ல வேண்டும். 14447 என்ற எண்ணிலோ, காப்பீட்டுச் செயலியிலோ, வங்கியிலோ, தோட்டக்கலை அலுவலகத்திலோ 72 மணி நேரத்துக்குள் சொல்லிப் பதிவு எண் வாங்கிவிட வேண்டும்.

இன்ஷூரன்ஸ் போட்டோமா என்றே தெரியவில்லை என்றீர்கள். பிறகு ரேஷன் கார்டு வைத்திருந்த பையில் இ-சேவை மையத்து ரசீது கிடைத்தது. சர்வே எண்ணும் தக்காளி என்ற பெயரும் அதில் இருக்கிறது. பதினோரு மணிக்குப் பதிவு எண்ணும் வந்துவிட்டது. இனி காப்பீட்டு நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் சேத மதிப்பீட்டாளரை நியமித்து, அடுத்த பத்து நாளுக்குள் வயலைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் வரும்போது வயல் உழுது கிடந்தால் என்னத்தைப் பார்ப்பார்? பத்து நாள் உழாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். பத்து நாள் கழிந்தாலும் அவர் வந்து பார்க்கும் வரை உழாதீர்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: கூட்டுறவு கடன் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கியிருந்தால் காப்பீடு தானாகவே பிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். 2020 காரீஃப் (மழைக்கால) பருவத்திலிருந்து அது அவரவர் விருப்பம். பாஸ்புக்கை எடுத்துப் பிரீமியம் பிடித்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள்.

காப்பீடு வேறு, அரசு நிவாரணம் வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஆலங்கட்டி மழை மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் இருக்கிறது. 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் போயிருந்தால் இடுபொருள் மானியம் உண்டு. 2022 முதல் 2026 வரைக்கும் போட்ட விதிமுறைப்படி பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், மாமரம் போன்ற நீண்டகாலப் பயிருக்கு 22,500 ரூபாய், இரண்டு எக்டேர் வரைதான். ஏக்கர் கணக்கில் உங்கள் தக்காளிக்கு ஏழாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஒன்றரை லட்சம் போட்டவருக்கு ஏழாயிரம் என்பது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று நானும் பணியில் இருந்த காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் விடாதீர்கள், அது உங்கள் உரிமை.

இதில்தான் குத்தகைச் சிக்கல் வருகிறது. வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து கணக்கெடுக்க வருவார்கள். கையில் பட்டாவை வைத்துக்கொண்டு பெயர் எழுதினால், பெங்களூரில் இருக்கிற நிலக்காரர் கணக்குக்குப் பணம் போகும். அவர் நல்லவராக இருந்தால் உங்களுக்குத் தருவார். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதுகிற கிராமக் கணக்குதான் அடங்கல்; அதில் சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயர் இருந்தால் இந்தக் கவலை இல்லை. காப்பீடு போடும்போது கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கல் சான்று இருக்கும், அதன் நகலைத் தேடி எடுங்கள். நிலக்காரரிடம் ஃபோனில் பேசி, இந்தப் போகம் சாகுபடி செய்தது இன்னார்தான், நிவாரணம் அவருக்கே சேர வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் படம் எடுத்து அனுப்பினாலும் இப்போதைக்குப் போதும். இவற்றோடு கிராம நிர்வாக அலுவலருக்கு மனுவை எழுதி, ஒரு நகலில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நம் பக்கத்தில் குத்தகை வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. எழுதிக் கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காதோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மாதிரி ஒரு நாள் வந்தால், உழைத்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் போய்விடுகிறது.

அதேபோல யாருடைய கணக்கிலும் வராத இன்னும் சிலர் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். உங்கள் வயலில் பறிப்புக்கு வந்த எட்டுப் பெண்கள். அவர்களுக்கு இரண்டு மாதக் கூலி போய்விட்டது. எந்தப் பயிர் நிவாரணத்திலும் அவர்களுக்கு ஒரு ரூபாய் கிடையாது. உங்கள் மனுவோடு சேர்த்து ஊராட்சிக்கு ஒரு மனு எழுதுங்கள்: ஊரக வேலைத் திட்டத்தில் உடனே வேலை திறக்க வேண்டும் என்று. எழுத்தில் கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

கூரைக்கு வருகிறேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் விரிசல் விட்டிருந்தால் அதன்மேல் யாரும் ஏறக் கூடாது. கீழே நின்று பார்த்தால் முழுசாகத் தெரியும், காலை வைத்ததும் சரியும். கல்மழைக்குத் தப்பித்துவிட்டு மறுநாள் கூரை சரிசெய்யப் போய் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், அடியில் இருக்கிற இரும்புச் சட்டங்களுக்கு மேலே நீளமான பலகையைப் போட்டு, பலகையில் மட்டும் கால் வைக்க வேண்டும். தார்ப்பாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கயிற்றால் இழுத்துக் கட்டுவது அதைவிட நல்லது. உடைந்த துண்டுகளை அள்ளுவதற்கு முன் தண்ணீர் தெளித்து நனையுங்கள், காய்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள். அந்தத் தூசியில் இருக்கிற நார் நுரையீரலுக்குப் போனால் வருஷக்கணக்காக அங்கேயே இருந்து நோயாகும். மாட்டுக் கொட்டகையில் சேறு மிதிபடாமல் இருக்கட்டும் என்று துண்டுகளைப் பரப்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சாக்கில் கட்டித் தனியாக வையுங்கள். படம் எடுத்த பிறகு அள்ளுங்கள். வீட்டில் 15 சதவீதமாவது சேதம் இருந்தால் அதே பேரிடர் விதிமுறையில் கட்டட வீட்டுக்கு 6,500 ரூபாயும் மண் வீட்டுக்கு 4,000 ரூபாயும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுக்கிற மனுவில் வீட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் மகள் அனுப்பியதில் ஒரு படம் என் கண்ணிலேயே நிற்கிறது. சில்வர் சொம்பில் அள்ளி வைத்த கற்கள், பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். இரண்டும் ஒரே அளவு. மதிப்பீட்டாளரிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் மழை விட்ட பிறகுதானே எடுத்தாய் என்று அவளிடம் கேட்டேன். ஆமாம் என்றாள். எலுமிச்சை அளவுக் கல் மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் விழும், மண்டையில் பட்டால் தாங்காது. உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் பக்கம் 1888 ஏப்ரல் 30 அன்று அடித்த கல்மழையில் 246 பேர் செத்தார்கள். கல்மழை உயிர்ப்பலியில் உலகத்திலேயே அதிகம் என்று பதிவானது அதுதான். வங்கதேசத்துக் கோபால்கஞ்சில் 1986-ல் விழுந்த ஒரு கல் ஒரு கிலோவுக்கும் மேல் எடை இருந்தது. பிள்ளைகள் கல் பொறுக்க ஓடுவது எனக்குத் தெரியும், நானும் ஓடியிருக்கிறேன். நின்ற பிறகு ஓடட்டும்.

இனிமேல் மாசியிலும் வருமா என்று கேட்டீர்கள். நம் பக்கத்தில் இதற்கு மூன்று மொழியிலும் பெயர் உண்டு. தமிழில் ஆலங்கட்டி மழை, கன்னடத்தில் ஆலிகல்லு மளெ, தெலுங்கில் வடகள்ள வான. பெயர் இருக்கிறது என்றால் பழக்கமான விருந்தாளி என்றுதான் அர்த்தம். ஆனால் அது சித்திரை, வைகாசியில் வருகிற விருந்தாளி. கோடை தொடங்கும்போது விதர்பா, மராத்வாடாவிலிருந்து கர்நாடகம் வழியாக நம் பக்கம் வரைக்கும் காற்று திசை மாறுகிற ஒரு கோடு விழும். அதை ஒட்டிக் கடலிலிருந்து ஈரக்காற்று வந்து சேர்கிறது, தரைச் சூடு அதை மேலே தள்ளுகிறது. மேகத்துக்குள் ஏறுகிற காற்று பலமாக இருந்தால், உறையாமல் மிதக்கிற குளிர்ந்த நீர்த்துளிகள் பனிக்கட்டிமேல் ஒட்டி ஒட்டிக் கல் பெரிதாகும், காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் விழும். சமவெளியில் அது கீழே வருவதற்குள் பெரும்பாலும் உருகி மழையாகிவிடும். ஒசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருப்பதால் உருகுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் திருச்சிக்காரர் அபூர்வமாகப் பார்ப்பதை நீங்கள் அடிக்கடி பார்க்கிறீர்கள்.

ஒரு மழையை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். ஈரம் கூடினால் மேகத்துக்குத் தீனி கூடும். சூடு கூடும்போது சின்னக் கல் வழியிலேயே உருகிவிடும், பெரிய கல் வந்து சேரும். அதனால் மாசி, பங்குனியில் பூத்துக் காய்க்கிற பயிருக்கு இனி கல்மழையையும் சேர்த்த காப்பீடு இருக்கிறதா என்று கேட்டுப் போடுவது நல்லது. இமாசலத்து ஆப்பிள் தோட்டங்களில் கல்மழை வலை கட்டுகிறார்கள். ஒரு ஏக்கர் குத்தகைத் தக்காளிக்கு அந்தச் செலவு கட்டாது, நாற்றங்காலுக்கு மட்டும் கட்டுங்கள். வானத்தைப் பார்த்து வெடித்துக் கல்மழையை விரட்டும் பீரங்கி என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உலக வானிலை அமைப்பே சொல்லியிருக்கிறது.

கடைசியாக, உங்கள் வீட்டுக்காரர். கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் எனக்கு அதுதான் பெரிய கவலை. மகாராஷ்டிரத்தில் 2014 பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் நடு வரைக்கும் திரும்பத் திரும்பக் கல்மழை அடித்தது. கோதுமை, சோளம், கொண்டைக்கடலை, நாசிக் திராட்சை எல்லாம் அறுவடை நேரத்தில் போனது. அதற்குப் பின்னால் வந்த வாரங்களில் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வரப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற மனிதரைத் தனியாக விடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவரிடம் "விடுங்கள், போனது போகட்டும்" என்று சொல்லாதீர்கள், அது அவருக்கு ஆறுதலாக இருக்காது. கையில் வேலை கொடுங்கள். தண்ணீர் வடிப்பதும் மருந்து அடிப்பதும் அவர் செய்யட்டும். மனு கொடுக்க அவரே போகட்டும், கூட அவர் அண்ணனோ நண்பரோ போகட்டும். கடன் கொடுத்தவர் யாராக இருந்தாலும் இந்த வாரமே நீங்கள் இருவரும் சேர்ந்து போய்ப் பயிர் நிலையைக் காட்டித் தவணை கேளுங்கள். அவர் மட்டும் போக வேண்டாம். பூச்சிமருந்து டப்பாக்களை இப்போதைக்கு வீட்டில் வைக்காதீர்கள், உங்கள் அண்ணன் வீட்டில் பூட்டி வைத்து, அடிக்கிற அன்று மட்டும் எடுத்து வாருங்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். நீங்களும் பேசலாம். வீட்டில் எல்லாரையும் தாங்கிக்கொண்டு நிற்பது இப்போது நீங்கள்தான்.

பத்தாம் நாள் எண்ணிப் பார்த்ததும் நூற்றுக்கு எத்தனை தேறியது என்று எனக்குச் செய்தி அனுப்புங்கள். மேற்கு வரிசையில் ஒன்று, நடு வரிசையில் ஒன்று என்று தண்டை நகத்தால் கீறிய படம் இரண்டு வேண்டும். மதிப்பீட்டாளர் அதற்கு முன்பே வந்துவிட்டால் அவர் எழுதுகிற தாளில் சேத சதவீதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அந்தத் தாளையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஃபோன் எந்நேரமும் திறந்திருக்கும்.